என்ஜின் வேலை முடிஞ்சும் மறுபடி 'தண்ணி குடிக்குதா'? ஹெட் போல்ட் டைட் வைப்பதில் நடக்கும் தவறுகள் என்னென்ன?

என்ஜினை முழுசா பிரிச்சு வேலை பார்த்து, வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்து 15 நாள்கூட ஆகியிருக்காது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் மெதுவாக மேலே போகும். ஓரம்கட்டிப் பார்த்தால் கூலன்ட் டப்பா காலி. தண்ணீர் ஊற்றினால் 20 கிலோமீட்டர் ஓடும். திரும்பவும் அதே கதை.

பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, பேரிங் புதுசு, ஹெட் கேஸ்கட்டும் புதுசு. லேத் பட்டறைக்கும் பணம் கட்டியாச்சு. பிறகு எங்கே கோளாறு? இப்படித் திரும்பி வரும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் ஒன்று, சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள்.

"நல்லா டைட்டா வச்சிருக்கேன் சார், அசையவே அசையாது" என்று மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஹெட் போல்ட் விஷயத்தில் அது மட்டும் போதாது. எல்லா போல்ட்டும் ஒரே அளவு இழுவிசையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கை பலத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ஏன்? சரியான முறை என்ன? வண்டி உரிமையாளர் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெட் போல்ட்டின் வேலை என்ன?

என்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். பிஸ்டன்கள் ஏறி இறங்குவது இங்கேதான். மேலே மூடி போல உட்காருவது சிலிண்டர் ஹெட். வால்வுகள், ஸ்பார்க் பிளக் அல்லது இன்ஜெக்டர் எல்லாம் இதில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட்.

இந்தத் தகடு ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு வெளியே போகக் கூடாது. கூலன்ட் தன் பாதையை விட்டு விலகக் கூடாது. ஆயிலும் தன் வழியிலேயே போக வேண்டும். மூன்றில் ஒன்று கலந்தாலும் என்ஜினுக்கு ஆபத்துதான்.

எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 75 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டர். பெட்ரோல் எரியும் நொடியில் உள்ளே 60 பார் அழுத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 2.7 டன். என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 25 முறை நடக்கும். டர்போ டீசல் என்ஜின்களில் உச்ச அழுத்தம் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போகும்.

இத்தனை தள்ளலுக்கும் ஹெட் துளிகூட எழும்பாமல் பிடித்து வைப்பதுதான் ஹெட் போல்ட்டின் வேலை. 4 சிலிண்டர் கார் என்ஜின்களில் பெரும்பாலும் 10 போல்ட்டுகளும், 3 சிலிண்டர் என்ஜின்களில் 8 போல்ட்டுகளும் இருக்கும்.

போல்ட் எப்படி ஸ்பிரிங் ஆகிறது?

போல்ட் என்றால் அசையாத இரும்புத் துண்டு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது மிகக் கடினமான ஒரு ஸ்பிரிங். டைட் வைக்கும்போது அது நீளும். 100 மி.மீ. நீளமுள்ள உறுதியான போல்ட், நன்றாக இழுபட்ட நிலையில் சுமார் 0.3 மி.மீ. வரை நீண்டிருக்கும். அப்படி நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முயற்சிதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்து அழுத்துகிறது.

சூடு ஏறும்போது இதன் அருமை தெரியும். இன்றைய கார்களில் ஹெட் அலுமினியத்தில் இருக்கும், போல்ட் இரும்பில் இருக்கும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல சுமார் இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. உயரமுள்ள அலுமினிய ஹெட் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.18 மி.மீ. உயரும். அதே நீளமுள்ள இரும்பு போல்ட் 0.09 மி.மீ. தான் நீளும். மீதி வித்தியாசத்தை போல்ட்டும் கேஸ்கட்டும்தான் தாங்க வேண்டும்.

வண்டி ஆறும்போது எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து இரவில் நிறுத்தும் வண்டியில் இந்த விரிவும் சுருக்கமும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். சரியாக இழுபட்ட போல்ட் இதை ஈடுகொடுக்கும். குறைவாக இழுபட்ட போல்ட் இருக்கும் இடத்தில் கேஸ்கட் மெல்ல மெல்ல தேயத் தொடங்கும்.

டார்க் ரென்ச் காட்டும் அளவு எதைச் சொல்கிறது?

போல்ட்டைத் திருப்பக் கொடுக்கும் முறுக்கு விசைதான் டார்க். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 98 நியூட்டன் மீட்டர். பழைய கையேடுகளில் இதையே கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. நாம் கொடுக்கும் டார்க் முழுவதும் போல்ட்டை இழுக்கப் பயன்படுவதில்லை. பொறியாளர்கள் சொல்லும் பொதுவான கணக்குப்படி, சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வில் போய்விடும். இன்னொரு 40% மரையில் ஏற்படும் உராய்வுக்குப் போகும். போல்ட்டை இழுக்க மிஞ்சுவது வெறும் 10% தான்.

இதன் விளைவு பெரியது. துருவும் அழுக்கும் சேர்ந்து உராய்வு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரென்ச் அதே 100 நியூட்டன் மீட்டரைத்தான் காட்டும். ஆனால் போல்ட்டின் இழுவிசை சுமார் 30% குறைந்திருக்கும். மாறாக, வழுவழுப்பான கிரீஸைத் தடவி உராய்வு பாதியாகிவிட்டால், அதே 100-ல் இழுவிசை சுமார் 80% கூடிவிடும். போல்ட் அறுந்து போகவும் இது போதும்.

அதாவது ரென்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் போல்ட் தவறான நிலையில் இருக்க முடியும். அதனால்தான் டைட் வைப்பதற்கு முன் செய்யும் சுத்தம், டைட் வைப்பதைவிட முக்கியமாகிறது.

மாட்டுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் கழற்றும்போதே கவனம் தேவை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ஹெட் போல்ட்டில் கை வைக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஓரத்து போல்ட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கி, ஒரே மூச்சில் முழுசா கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

அடுத்து முகப்புப் பரப்புகள். ஹெட்டின் அடிப்பகுதியும் பிளாக்கின் மேல்பகுதியும் சமமாக இருக்கிறதா என்று நேர்விளிம்புக் கட்டையை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார் என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். கிட்டத்தட்ட ஒரு காகிதத்தின் தடிமன். அதற்கு மேல் வளைந்திருந்தால் எந்த போல்ட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் சுரண்டும்போது பொறுமை வேண்டும். கிரைண்டரில் எமரி வீல் மாட்டித் தேய்ப்பது சில இடங்களில் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அலுமினியத்தில் பள்ளம் விழும். உதிரும் எமரித் தூள் ஆயில் பாதைக்குள் போனால், புதுசா போட்ட பேரிங்குகளையே அரித்துவிடும்.

போல்ட் இறங்கும் ஓட்டைகள் அடுத்த கட்டம். பல என்ஜின்களில் இந்த ஓட்டைகளுக்கு அடிப்பக்கம் திறப்பு இருக்காது. கழற்றும்போது கூலன்ட்டும் ஆயிலும் உள்ளே இறங்கித் தேங்கி நிற்கும். அதோடு போல்ட்டை இறக்கினால், முனை அடைத்த சிரிஞ்சை அழுத்துவது போல ஆகிவிடும். திரவத்தை அமுக்க முடியாது. ரென்ச் 'டைட் ஆயிடுச்சு' என்று காட்டும், ஆனால் ஹெட் அழுந்தியிருக்காது. இன்னும் வலுவாகத் திருப்பினால் பிளாக்கிலேயே விரிசல் விழலாம். புது பிளாக் விலையை நினைத்தால் இந்த ஒரு சொட்டு எண்ணெயின் அருமை புரியும்.

எனவே ஒவ்வொரு ஓட்டையையும் கம்ப்ரஸர் காற்று அடித்து, பஞ்சு விட்டுத் துடைத்து உலர வைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது கண்ணாடி அணிவது அவசியம். மரையைச் சுத்தம் செய்ய, உலோகத்தை வெட்டி எடுக்காமல் அழுக்கை மட்டும் எடுக்கும் கருவியே நல்லது. கடைசியில் ஒவ்வொரு போல்ட்டையும் வெறும் கையால் இறக்கிப் பார்க்கலாம். தடையில்லாமல் அடி வரை இறங்கினால் மரை சரி.

எண்ணெய் போடலாமா, கூடாதா? கையேடு சொல்வதுதான் பதில். பல என்ஜின்களுக்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் லேசாக என்ஜின் ஆயில் தடவச் சொல்வார்கள். கொடுக்கப்பட்ட டார்க் அளவு அந்த எண்ணெயைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். போல்ட் கூலன்ட் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்ஜின்களில் மரைக்கு சீலன்ட் போட வேண்டியிருக்கும். சொன்னதை விட்டுவிட்டு வேறு எதைத் தடவினாலும் கணக்கு மாறிவிடும்.

கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுவிடும் தவறும் நடக்கிறது. மேல்பக்கம் எது என்ற குறி அதிலேயே இருக்கும். ஆயில் ஓட்டைகள் பிளாக்கோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுகளுக்குக் கூடுதலாகப் பசை தடவுவதும் தேவையில்லை. கையேடு குறிப்பிட்டுச் சொல்லும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு.

எந்த போல்ட்டை முதலில் டைட் வைப்பது?

சுவரில் போஸ்டர் ஒட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் கையை வைத்து ஓரங்களை நோக்கித் தள்ளுவார். ஓரத்தை முதலில் ஒட்டினால் நடுவில் காற்று மாட்டி உப்பிக்கொள்ளும். ஹெட்டுக்கும் இதே விதிதான்.

இரண்டு வரிசையில் ஐந்தைந்தாக 10 போல்ட்டுகள் இருக்கும் என்ஜினில், நடுவில் எதிரெதிரே இருக்கும் இரண்டில்தான் தொடங்குவார்கள். பிறகு அதற்கு இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாக வெளியே நகர்ந்து, நான்கு மூலை போல்ட்டுகளில் முடிப்பார்கள். ஓரத்தில் இருந்து ஆரம்பித்தால் ஹெட் லேசாக வில் போல வளைந்து, நடு சிலிண்டர்களின் மேல் அழுத்தம் குறைந்துவிடும். சில என்ஜின்களுக்குக் கம்பெனி தனி வரிசை கொடுத்திருக்கும். அப்போது அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒரே சுற்றில் முழு டார்க்கையும் கொடுக்கக் கூடாது. முதல் சுற்றில் பாதிக்கும் குறைவு, அடுத்த சுற்றில் கூடுதல், கடைசியில் முழு அளவு என்று கட்டம் கட்டமாகப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசை. இதனால் கேஸ்கட் எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுந்தும்.

'90 டிகிரி திருப்பு' என்றால் என்ன?

புதிய என்ஜின்களின் கையேட்டில் வெறும் டார்க் அளவு மட்டும் இருக்காது. 'இத்தனை நியூட்டன் மீட்டர் வை, பிறகு இத்தனை டிகிரி திருப்பு' என்றிருக்கும்.

நம்மூர் சாலைகளில் ஓடிய பழைய ஸ்கோடா ஆக்டேவியாவின் 1.9 லிட்டர் டிடிஐ டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இந்த என்ஜினில் 10 ஹெட் போல்ட்டுகள். முதல் சுற்று 40 நியூட்டன் மீட்டர். இரண்டாவது சுற்று 60 நியூட்டன் மீட்டர். மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு போல்ட்டையும் கால் திருப்பு, அதாவது 90 டிகிரி. நான்காவது சுற்றில் மறுபடியும் 90 டிகிரி. இவ்வளவுதான். கடைசி இரண்டு சுற்றில் டார்க் எவ்வளவு காட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஏன் இப்படி? உராய்வு மாறினால் டார்க் ஏமாற்றும். ஆனால் கோணம் ஏமாற்றாது. மரைகளுக்கு இடையே 1.75 மி.மீ. இருக்கும் போல்ட்டைக் கால் திருப்பு திருப்பினால், அது எண்ணெயாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் 0.44 மி.மீ. தான் முன்னே போகும். முதல் இரண்டு சுற்று ஹெட்டையும் கேஸ்கட்டையும் ஒழுங்காக உட்கார வைக்கிறது. கோணச் சுற்று எல்லா போல்ட்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீட்டுகிறது.

கோணத்தை அளக்க தனி கேஜ் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரே திசையில் புள்ளி வைத்துவிட்டுத் திருப்பலாம். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் பார்த்தால், எந்த போல்ட்டும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

இதே என்ஜின் இன்னொரு பாடமும் சொல்கிறது. இதற்கு மூன்று தடிமன்களில் ஹெட் கேஸ்கட் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்கை விட எவ்வளவு மேலே நீட்டுகிறது என்று அளந்து, அதற்கேற்ப ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஓட்டைக் குறியுள்ள கேஸ்கட்டைத் தேர்வு செய்ய வேண்டும். 0.91 முதல் 1.00 மி.மீ. வரை என்றால் ஒரு ஓட்டை, 1.10 வரை இரண்டு, 1.20 வரை மூன்று. இந்த ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்யவும் கம்பெனி அனுமதிப்பதில்லை. வளைவு 0.1 மி.மீ. தாண்டினால் ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான். டைட் வைப்பதில் நடக்கும் ஒரு தவறு, ஒரு முழு ஹெட்டின் விலையில் போய் முடிவது இப்படித்தான்.

பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா?

கோண முறையில் டைட் வைக்கப்படும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை, பழைய நீளத்துக்கு முழுசா திரும்ப முடியாத எல்லை வரை இழுக்கப்படுபவை. அவற்றை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். மேலே சொன்ன டிடிஐ என்ஜினுக்கும் ஒவ்வொரு முறையும் புது போல்ட்தான்.

பழைய போல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மரையும் சரியாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே நீண்டுவிட்ட அதை மறுபடி அதே கோணத்துக்குத் திருப்பினால், இழுவை குறையலாம் அல்லது பாதியில் அறுந்துவிடலாம். அறுந்த துண்டு பிளாக்குக்குள் மாட்டிக்கொண்டால் அதை எடுப்பது தனி வேலை.

எல்லா என்ஜினுக்கும் இது பொருந்தாது. சில கம்பெனிகள் போல்ட்டின் நீளத்தை அளந்து, எல்லைக்குள் இருந்தால் மறுபடி பயன்படுத்த அனுமதிக்கின்றன. உங்கள் வண்டியின் கையேடு 'மாற்று' என்று சொன்னால், அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. மொத்த என்ஜின் வேலைச் செலவில் போல்ட் செட் என்பது சிறு தொகைதான்.

டார்க் ரென்ச்சை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

பட்டறையில் டார்க் ரென்ச் இருந்தால் மட்டும் போதாது.

* 'கிளிக்' சத்தம் வந்தவுடன் நிறுத்த வேண்டும். 'ஒரு சேஃப்டிக்கு' இன்னொரு இழுப்பு இழுத்தால் அளவு தாண்டிவிடும்.

* வெட்டி வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால், நின்ற போல்ட்டை மறுபடி நகர்த்தத் தேவைப்படும் கூடுதல் விசையே 'கிளிக்'கை வரவைத்துவிடும். அப்படி நேர்ந்தால் கொஞ்சம் தளர்த்திவிட்டு மீண்டும் ஒரே இழுப்பில் வைப்பது நல்லது.

* ரென்ச்சின் அளவு வரம்பில் மிகக் கீழ்ப்பகுதியில் துல்லியம் குறைவு. 20 நியூட்டன் மீட்டர் வைக்க 200 வரை போகும் பெரிய ரென்ச்சை நம்பக் கூடாது.

* கழற்றுவதற்கு டார்க் ரென்ச்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அளவு தப்பாகிவிடும்.

* ஏர் கன்னால் ஹெட் போல்ட்டை டைட் வைக்கவே கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் போனது என்று யாருக்கும் தெரியாது.

அதிகமா டைட் வச்சா நல்லதுதானே?

இல்லை. குறைவாக வைப்பதைப் போலவே இதுவும் கெடுதல். அலுமினிய பிளாக்குகளில் மரை உருவி வந்துவிடும். பிறகு துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் போன்ற புது மரைச் சுருளைப் பொருத்த வேண்டியிருக்கும். கேஸ்கட்டின் விளிம்பு நசுங்கி, ஸ்பிரிங் போல எழும்பும் தன்மையை இழக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதிப்பும் உண்டு. போல்ட்டின் இழுவை பிளாக்கையும் இழுப்பதால், சிலிண்டரின் வட்ட வடிவம் மிக லேசாக மாறும். அளவு தாண்டினால் ரிங்குகள் சுவரோடு சரியாக ஒட்டாது. என்ஜின் ஆயில் குறையும், புகை வரும். 'ரிங் சரியில்லை' என்று ரிங் மேல் பழி விழும். கோளாறு மேலே இருக்கும் போல்ட்டில் இருக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டைட் வைக்கணுமா?

மூத்த மெக்கானிக்குகள் பலர் இன்றும் இதை வலியுறுத்துவார்கள். அவர்கள் தொழில் கற்ற காலத்து வண்டிகளுக்கு அது சரியான அறிவுரை. 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் காரின் பழைய பெட்ரோல் என்ஜினில் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடித்திருந்தவை ஸ்டட்டும் நட்டும். அந்தக் காலத்து கேஸ்கட் மெத்தென்ற பொருளால் ஆனது. சூடாகி ஆறும்போது அது படிந்து மெலியும், நட்டின் பிடி தளரும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி டைட் வைத்தார்கள். அப்படி வைத்தால் வால்வு இடைவெளியும் மாறும் என்பதால் டாப்பெட்டையும் மறுபடி செட் செய்வார்கள்.

இன்றைய பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டும் கோண முறை போல்ட்டும் உள்ள என்ஜின்களுக்குப் பொதுவாக இது தேவையில்லை. சரியாக நீட்டி வைத்த போல்ட்டை மறுபடி திருப்பினால் கெடுதல்தான். பழைய டிராக்டர், பழைய ஜீப், பம்ப்செட் என்ஜின் போன்றவற்றுக்குக் கையேடு சொன்னால் கட்டாயம் செய்ய வேண்டும். ஆக, இதில் 'எல்லா வண்டிக்கும் ஒரே விதி' என்பது கிடையாது.

தவறு நடந்திருந்தால் எப்படித் தெரியும்?

* வெளியே ஒழுகாமலேயே கூலன்ட் குறைவது

* ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்தால் தொடர்ந்து குமிழி வருவது

* ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகுவது

* சைலன்ஸரில் நிற்காத வெள்ளைப் புகை

* டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருப்பது

* பக்கத்து பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் 'மிஸ்' ஆவது

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்த அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதே பாதுகாப்பு. கலந்த ஆயிலில் ஓடினால் பேரிங்குகளும் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் சோதனை செய்யலாம். கூலன்ட்டில் எரிவாயு கலக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் இருக்கிறது. வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

ஒன்றை மறக்கக் கூடாது. முதல்முறை ஹெட் கேஸ்கட் போனதற்குக் காரணம் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன், அடைத்த ரேடியேட்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு கச்சிதமாக போல்ட் வைத்தாலும் வண்டி திரும்பவும் சூடாகும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

வண்டி உரிமையாளர் கையில் ரென்ச் பிடிக்க வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டாலே போதும்.

1. ஹெட், பிளாக் இரண்டின் சமதளத்தையும் அளந்தீர்களா? வளைவு எவ்வளவு வந்தது?

2. இந்த என்ஜினுக்கு ஹெட் போல்ட்டை மாற்றணுமா, பழசையே போடலாமா? கையேடு என்ன சொல்கிறது?

3. போல்ட் ஓட்டைகளைச் சுத்தம் செய்து உலர வைத்தாச்சா?

4. டார்க் அளவும் வரிசையும் எதைப் பார்த்து எடுத்தீர்கள்? இதே மாடல், இதே என்ஜினுக்கானதா?

5. கோணத் திருப்பு இருக்கிறதா? எப்படி அளப்பீர்கள்?

6. மறுபடி டைட் வைக்க வண்டியைக் கொண்டு வரணுமா? எத்தனை கிலோமீட்டரில்?

7. முதலில் சூடானதற்குக் காரணம் கண்டுபிடித்தாச்சா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "அண்ணே, அளவு என்ன வச்சீங்க?" என்று கேட்டால் எண்ணைச் சொல்வார், முடிந்தால் பில்லிலேயே எழுதியும் கொடுப்பார். "கை அளவுதான், 20 வருஷ அனுபவம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அனுபவம் பல கோளாறுகளைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கும். ஆனால் ஒரு போல்ட் 0.2 மி.மீ. நீண்டதா, 0.3 மி.மீ. நீண்டதா என்று எந்தக் கையாலும் சொல்ல முடியாது.

10 போல்ட்டையும் ஓட்டையையும் சுத்தம் செய்து, வரிசைப்படி நான்கு சுற்று வைக்க, அவசரப்படாமல் செய்தாலும் சில மணி நேரம்தான் ஆகும். வாடகை வண்டியோ லோடு வேனோ ஓட்டிப் பிழைப்பவருக்கு, அந்தச் சில மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் வண்டி மறுபடி பட்டறையில் நிற்கும் ஒரு வாரம் நஷ்டம்.